அம்மா பல்லுக்குக் கிளிப் போட்ட வருஷம்

எங்கள் தெருவில் அந்த நாட்களில் பேசக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் பலருக்கு 'ச' வராது. சட்டியை ஷட்டி என்பார்கள், சோற்றை ஷோறு என்பார்கள். அதற்குக் காரணம் என் அம்மா. அரும்பாவூரில் எங்கள் தெருக்கோடியில் இருந்த அங்கன்வாடிக்கு அம்மாதான் டீச்சர். அம்மாவுக்கு 'ச' வராது. டீச்சர் சொல்வதுதான் சரி என்று பிள்ளைகள் அப்படியே பிடித்துக்கொண்டன. ஒன்றாம் வகுப்பு சார் அதைத் திருத்தி முடிப்பதற்குள் அரைப்பரீட்சை வந்துவிடும்.

அம்மாவின் முகவாய்க்கட்டை இடப்பக்கம் ஒதுங்கி இருக்கும். பிறக்கும்போது அப்படி இல்லையாம். பதினான்கு, பதினைந்து வயதில் கீழ்த்தாடை கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் போகத் தொடங்கி, கல்யாணத்துக்குள் அங்கேயே நிலைத்துவிட்டது. எப்போதும் ஒரே பக்கம் படுத்ததால் வந்தது என்றார்கள், காத்து கருப்பு அறைந்தது என்றார்கள். வாயை இறுக மூடினாலும் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாது. கடைவாயில் வலப்பக்கம் இரண்டு பற்கள் மட்டும் சேரும். குழைய வடித்த சோற்றைக்கூட அந்த இரண்டு பல்லை வைத்துத்தான் அரைத்து விழுங்குவாள். எங்கள் வீட்டில் கடைசியாகக் கை கழுவுவது எப்போதும் அம்மாதான். எல்லோருக்கும் போட்டுவிட்டுச் சாப்பிடும் நல்ல குணத்தால் தாமதமாகிறது என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். மெல்ல முடியாமல் தாமதமாகிறது என்று தோன்றியதே இல்லை.

அம்மாவுக்கு ஊரில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. கோணவாய் டீச்சர். நாலாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அதைச் சர்வசாதாரணமாகச் சொன்னபோதுதான் எனக்கு அது தெரிந்தது. அதுவரை அம்மாவின் முகம் எனக்கு ஒரு முகமாகவே இருந்தது. அன்றைக்கு மாலை முதல் அது ஒரு கோணலாகத் தெரியத் தொடங்கியது.

அந்த வாரமே வகுப்புக்குப் புதிதாக வந்த டீச்சர், நாளைக்கு அம்மாவையோ அப்பாவையோ கூட்டிவரச் சொன்னார். அப்பா அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். சனிக்கிழமைதான் வருவார். மறுநாள் நான் எழுந்து நின்று, "எங்கம்மா ஊர்ல இல்ல டீச்சர். திருமானூரு போயிருக்காங்க" என்றேன். திருமானூர் அம்மா பிறந்த ஊர். அம்மா அப்போது இரண்டு தெரு தள்ளி முப்பது பிள்ளைகளுக்குச் சத்துமாவு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

பொய் சொன்ன பத்தாவது நாளோ என்னவோ, எங்கள் பள்ளிக்கூடத்தில் பல் முகாம் போட்டார்கள். அங்கன்வாடிப் பிள்ளைகளை ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கவைத்து அம்மாவும் கூட்டிக்கொண்டு வந்தாள். திருச்சியிலிருந்து வந்திருந்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். பிள்ளைகளின் பல்லையெல்லாம் பார்த்து முடித்தவர், நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

"நீங்க கொஞ்சம் உக்காருங்கம்மா. கடிச்சுக் காட்டுங்க."

அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். வரிசையில் நின்ற நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். டாக்டரம்மா தாடையை இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்தார், திறந்து மூடச் சொன்னார், காதோரம் விரலை வைத்து அழுத்தினார்.

"ஒரு பக்க எலும்பு மட்டும் கூடுதலா வளந்துடுச்சு. சரி பண்ணக்கூடியதுதான். மொதல்ல கிளிப் போட்டுப் பல்ல வரிசைக்குக் கொண்டு வரணும். அப்புறம் ஆபரேஷன் பண்ணித் தாடைய நகத்தி வெக்கலாம்."

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எத்தன வயஷு வரைக்கும் பண்ணலாங்க?"

"ஒங்களுக்கு எத்தன?"

"முப்பத்தி மூணு."

"பண்ணலாம். திருச்சிக்கு வாங்க."

சனிக்கிழமை அப்பா வந்தார், வழக்கம்போலப் புருவத்தில் சுண்ணாம்புத் தூசியோடு. அடுத்த வீட்டில் இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, அவர் கால் கழுவுவதற்குள் வந்துவிட்டாள். "பொம்பளப் புள்ளைக்கு சடங்கு சுத்துற வயசு நெருங்குது. இவளுக்குப் பல்லு கட்டணுமாமா? யாருக்குக் காட்ட இந்த அழகு?" என்று தொடங்கியவள் விளக்கு வைக்கும்வரை நிறுத்தவில்லை. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவ வாயி, அவ பல்லு. எனக்கென்னாக்கா தெரியும்?" என்றார். அப்பா பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். அம்மா தன் சம்பளத்தில் சேர்த்து வைத்திருந்ததை எடுத்தாள். அடுத்த வாரம் திருச்சிக்குப் போய்விட்டு வந்தாள்.

காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நான் நம்பினேன். என் பொய் எப்படியோ அம்மா காதுக்குப் போய்விட்டது. மகள் தன்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட வெட்கப்படுகிறாள் என்று தெரிந்து, எலும்பை அறுத்துக்கொள்ளத் துணிந்துவிட்டாள். இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. ஆபரேஷனில் அம்மா செத்துப்போனால் கொன்றது நான்தான் என்று கணக்குப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதிருக்கிறேன்.

கிளிப் போட்டுக்கொண்டு வந்த அம்மாவைப் பார்க்கத் தெருவே வந்தது. எங்கள் ஊரில் அதற்கு முன் யாரும் போட்டதில்லை. அங்கன்வாடிப் பிள்ளைகள், "டீச்சர் வாயில என்னா?" என்று கேட்டால், "வாய்க்குத் தாப்பா போட்டிருக்கு, பேஷாம தூங்குங்க" என்பாள். மாதம் ஒருமுறை திருச்சிக்குப் போய்க் கம்பியை முறுக்கிக்கொண்டு வருவாள். இரண்டு நாள் பல்லெல்லாம் கூசும், கஞ்சிதான் குடிப்பாள். மூன்றாம் நாள் சாதாரணமாகிவிடுவாள்.

ஆனால் ஆறேழு மாதத்தில் ஒரு விபரீதம் நடந்தது. அம்மாவின் முகம் முன்னைவிட மோசமாகத் தெரிந்தது. முகவாய் இன்னும் தள்ளிப் போயிருந்தது. சேர்ந்துகொண்டிருந்த அந்த இரண்டு கடைவாய்ப் பற்களும் விலகிவிட்டன. "இருந்ததும் போச்சா?" என்று அத்தை நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். அந்த மாதம் நானும் அம்மாவோடு திருச்சிக்குப் போயிருந்தேன். டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, மேஜையில் இருந்த, மாவுக்கட்டு போடும் மாவில் வார்த்த பல் அச்சைக் காட்டினார். அம்மாவின் பற்களேதான், வெள்ளை வெளேரென்று.

"எலும்பு கோணலா இருந்ததால பல்லெல்லாம் அதுக்கு ஏத்த மாதிரி சாஞ்சு நின்னுச்சு பாப்பா. இப்போ பல்ல நேரா நிமித்திட்டோம். அதனால எலும்போட கோணல் முழுசா வெளிய தெரியுது. கெட்டுப் போவல. ஆபரேஷனுக்குத் தயாராவுது."

பிறகு அந்த அச்சின் கீழ்ப்பாதியைத் தள்ளி மேல்பாதியோடு பொருத்தினார். பல்லோடு பல் டக்கென்று உட்கார்ந்தது. அம்மா அதைக் கையில் வாங்கி மூன்று நான்கு தடவை மூடித் திறந்தாள். அந்தச் சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்தபோது, நான் அழக்கூடாது என்று தோன்றியது.

நான் ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதி முடித்த லீவில் ஆபரேஷன். அப்பா லாரிக்கு வேறு ஆள் ஏற்பாடு செய்துவிட்டு வந்தார். ஒரு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்த அத்தையும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். "இவளுக்கு யாரு கஞ்சி வடிகட்டுறது? ஒங்கப்பனா?" என்றாள் என்னிடம்.

காலையில் உள்ளே கொண்டுபோனவர்கள் மதியம் தாண்டித்தான் வெளியே கொண்டுவந்தார்கள். அம்மாவை எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் பூசணிக்காய் அளவுக்கு வீங்கி, கண்கள் கீறல்போல இருந்தன. "என் தம்பி பொண்டாட்டிய என்னா பண்ணி வெச்சிருக்கீங்க?" என்று அத்தை போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடிவந்தார். அம்மா போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து அத்தையின் கையைத் தட்டினாள். அந்தத் தட்டலில்தான் அது அம்மா என்று எனக்கு உறுதியானது. வெளியில் ஒரு கீறல்கூட இல்லை. வெட்டியது, நகர்த்தியது, திருகாணி முடுக்கியது எல்லாம் வாய்க்குள்ளேயே. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஆறு வாரத்துக்கு வாயைத் திறக்க முடியாது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டரம்மா ஒரு சின்னக் கட்டிங் பிளேயரை எடுத்து மேஜையில் வைத்தார். வாந்தி வந்து மூச்சு முட்டினால் கம்பியை வெட்டிவிட வேண்டும், அம்மாவோடு எப்போதும் யார் இருப்பார்கள் என்று கேட்டார். அப்பா திங்கட்கிழமை லாரிக்குத் திரும்பவேண்டும்.  அத்தை, "எனக்குக் கிட்டப் பார்வ தெரியாதுங்க" என்றாள். நான் வகுப்பில் தூக்குவதுபோலக் கையைத் தூக்கினேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அந்தப் பல் அச்சில் கம்பி கட்டி என்னை வெட்டச் சொன்னார். இரண்டு பக்கமும் எந்தக் கம்பி, எந்த இடம் என்று ஐந்து தடவை வெட்டிக் காட்டிய பிறகுதான் பிளேயரைக் கயிற்றில் கோத்து என் கழுத்தில் போட்டார். "அவசரப்பட்டு வெட்டக்கூடாது. அம்மா குடிக்கிறதெல்லாம் தண்ணிதான். குனிய வெச்சா பல்லிடுக்கு வழியா அதுவே வெளிய வந்துடும். மூச்சு விட முடியலன்னா மட்டும்தான் வெட்டணும். என்ன?" நானும் அம்மாவும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஒரு விரல் காட்டினால் மூச்சு வருகிறது. இரண்டு விரல் காட்டினால் வெட்டு.

அந்தக் கோடை முழுக்கப் பிளேயரோடுதான் திரிந்தேன். அத்தை பருப்புத் தண்ணியையும் கேழ்வரகுக் கூழையும் துணியில் வடிகட்டித் தருவாள். நான் ஊசி போடும் குழாயின் முனையில் ரப்பர் டியூப் மாட்டி அம்மாவின் கன்னத்துக்குள் விடுவேன். கீழுதடு மரத்திருந்ததால் கஞ்சி வழிந்தால் அம்மாவுக்குத் தெரியாது. துடைத்துவிடுவதும் நான்தான். அம்மாவின் ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது.

மூன்றாம் வாரம் காட்டுவதற்குத் திருச்சிக்குப் போகவேண்டியிருந்தது. அத்தைக்குக் காய்ச்சல். நானும் அம்மாவும் மட்டும் கிளம்பினோம். பெரம்பலூரில் பஸ் மாறினோம். நல்ல கூட்டம், வெக்கை, முன் சீட்டில் யாரோ டீசல் கேன் வைத்திருந்தார்கள். பாடாலூர் தாண்டியிருக்கும். அம்மா என் கையை அழுத்தினாள். திரும்பிப் பார்த்தால் முகமெல்லாம் வெளுத்து, நெற்றியில் வியர்வை. தொண்டை மேலும் கீழும் ஏறி இறங்கியது.

நான் பிளேயரைக் கையில் எடுத்துக்கொண்டு, அம்மாவின் பின்கழுத்தைப் பிடித்துக் குனிய வைத்தேன். மூக்காலும் பல்லிடுக்காலும் காலையில் குடித்த கஞ்சி பீறிட்டு வந்தது. அம்மாவிடமிருந்து ஒரு முனகல் எழுந்தது. பஸ்ஸில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று யாரோ கத்த, கண்டக்டர் விசிலடித்தார். பின் சீட்டிலிருந்து வந்த ஒரு பெரியவர் அம்மாவின் வாயைப் பார்த்துவிட்டு, "ஐயய்யோ, வாயக் கட்டி வெச்சிருக்காங்க! குடு பாப்பா, நான் வெட்டுறேன்" என்று பிளேயரைப் பிடித்து இழுத்தார். கயிறு என் கழுத்தை அறுத்தது.

நான் விடவில்லை. அதுவரை பெரியவர்கள் யாரையும் எதிர்த்துப் பேசியறியாத நான், "விடுங்க! டாக்டரு எங்கிட்டதான் சொல்லிருக்காங்க. மொதல்ல குனியணும். வெட்டக்கூடாது!" என்று கத்தினேன்.

"செத்துடப் போறாங்க பாப்பா."

"எங்கம்மா வெரலக் காட்டுவாங்க!"

பஸ் நின்றுவிட்டது. எல்லோரும் அம்மாவின் கையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். முன் சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த அந்தக் கை அசையவே இல்லை. பிளேயரின் வாயைத் திறந்து அம்மாவின் உதட்டோரம் கொண்டுபோனேன். வலப்பக்கம் முதலில், பிறகு இடப்பக்கம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அப்போது அம்மாவின் ஒரு விரல் மெல்ல எழுந்தது. ஒன்றுதான். இன்னொன்று எழுகிறதா என்று காத்திருந்தேன். எழவில்லை. கொஞ்ச நேரத்தில் மூக்கு வழியாகச் சர்ரென்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டது.

கண்டக்டர் தண்ணீர் பாட்டில் கொடுத்தார். குழாயில் தண்ணீர் ஏற்றி, அம்மாவின் வாயை இரண்டு பக்கமும் கழுவிவிட்டேன். பெரியவர் சீட்டுக்குத் திரும்பாமல் பக்கத்திலேயே நின்று தன் துண்டால் எங்களுக்கு விசிறிக்கொண்டு வந்தார். திருச்சியில் இறங்கும்போது கண்டக்டரிடம், "இது எந்தூருப் புள்ளய்யா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அரும்பாவூரு என்று நானே திரும்பிச் சொன்னேன்.

டாக்டரம்மா கம்பிகளைப் பார்த்தார். ஒன்றுகூட நெகிழவில்லை. "வெட்டறது ஈஸி. வெட்டாம இருந்த பாரு, அதுதான் கஷ்டம்" என்று சொல்லி எனக்குக் கை கொடுத்தார். ஒரு டாக்டர் எனக்குக் கை கொடுத்தார் என்பதை ஆறாம் வகுப்பில் சேர்ந்ததும் எத்தனை பேரிடம் சொன்னேன் என்று கணக்கே இல்லை.

ஆறு வாரம் முடிந்து கம்பியைப் பிரித்தார்கள். முதலில் வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. பிறகு இரண்டு விரல், மூன்று விரல். வீக்கம் வடிந்து, எலும்பு கூடி, ஆவணிக்குள் அம்மாவின் முகம் நடுவில் வந்து நின்றது. "எங்க வூட்டுப் புள்ளயப் பாருங்கடி" என்று அத்தை தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனாள், ஏதோ தானே செதுக்கியதுபோல. அங்கன்வாடியில் அம்மாவும் பிள்ளைகளும் சேர்ந்து 'ச' பழகினார்கள். "சட்டி, சோறு, சக்கரை" என்று அம்மா சொல்வாள். "ஷட்டி, ஷோறு" என்று பிள்ளைகள் கோரஸ் பாடுவார்கள். "தப்பு. டீச்சரும் இத்தன நாளு தப்பாத்தான் சொன்னேன். இப்பச் சொல்லுங்க, ச" என்பாள்.

என் புதுப் பள்ளிக்கூடத்தில் யாரும் கூப்பிடாமலேயே ஒருநாள் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். ஹெச்.எம். ரூம், ஸ்டாஃப் ரூம், சத்துணவுக் கூடம் என்று ஓர் இடம் விடாமல் சுற்றிக் காட்டினேன். பள்ளிக்கூடத்தை அம்மாவுக்கல்ல, அம்மாவைப் பள்ளிக்கூடத்துக்கு. அம்மாவும் சலிக்காமல் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

கடைசியாகக் கிளிப்பைக் கழற்றியது பொங்கல் கழிந்த பிறகு. இனி எதையும் கடித்துச் சாப்பிடலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பும் வழியில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அரும்பாவூர் பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம். இனிமேல் பயமில்லை என்று தோன்றியதால் அங்கே கேட்டேன்.

"அம்மா, நாலாவது படிக்கிறப்ப நீ ஊர்ல இல்லன்னு நான் டீச்சர்கிட்ட பொய் சொன்னேன்ல? அதனாலதான நீ ஆபரேஷன் பண்ணிக்கிட்ட?"

அம்மா என்னைப் பார்த்தாள். "எந்த டீச்சரு? என்னா பொய்யி?"

அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. நானாக எல்லாவற்றையும் சொல்லவேண்டியதாயிற்று. கடைசிவரை கேட்டாள். பிறகு என் தலையில் லேசாக ஒரு குட்டு வைத்தாள்.

"அடி போடி. ஒனக்காவல்லாம் இல்ல. எனக்குத்தான் பண்ணிக்கிட்டேன்."

கொய்யாக்காய்க்காரர் கூடையோடு வந்தார். அம்மா ஒன்று வாங்கினாள். அவர் வழக்கம்போல நாலாக வகுந்து மிளகாய்ப்பொடி தடவக் கத்தியை எடுத்தார். "வெட்டாம குடுங்க" என்றாள் அம்மா. நல்ல செங்காய். அதை முந்தானையில் துடைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முன்பல்லால் ஒரு கடி கடித்தாள். நறுக்கென்று சத்தம் கேட்டது. கடித்த இடத்தைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி கடித்தாள். பஸ்கள் வந்தன, போயின. அம்மா யாரையும் பார்க்கவில்லை, என்னையும்கூட. காம்பு மட்டும் மிஞ்சும்வரை நிதானமாகத் தின்று முடித்தாள். நான் பாதி நீட்டிய கையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

'உனக்காக இல்லை' என்பது எல்லா அம்மாக்களும் பிள்ளைகளிடம் சொல்லும் பொய் என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்காக எங்கள் அம்மா எலும்பையே அறுத்துக்கொண்டாள் என்று மறுநாள் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொன்னேன். கேட்ட டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் பல வருஷங்கள் அப்படியேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அம்மா சொன்னது உண்மை என்பது அன்று எனக்குப் புரியவில்லை. அவ்வளவு பெரிய கொய்யாக்காயில் எனக்கு ஒரு கடிகூடத் தரவில்லை என்பது மட்டும்தான் புரிந்தது.